சங்கம் நடத்திய பள்ளிக்கூடம்

தொழிற்சங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொடிக்கம்பமும் கேட் மீட்டிங்கும் தொண்டை கிழியக் கோஷமும்தான். பத்திரிகைகளும் வேலைநிறுத்தம், கதவடைப்பு, போனஸ் என்ற மூன்று சொற்களுக்கு வெளியே அதைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. அந்தச் சங்கங்களே தொழிலாளிக்கு எழுத்தும் கணக்கும் சட்டமும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடங்களாகவும் இருந்தன என்பதை நம் சங்க அன்பர்களிடம், குறிப்பாகக் கம்ப்யூட்டர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைய தலைமுறையிடம், சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். நான் பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 1969 முதல் 2002 வரை கிரைண்டிங் மெஷினில் வேலை பார்த்தவன். அதில் பன்னிரண்டு ஆண்டுகள் தொழிலாளர்களுக்கு ஒரு சிறு வகுப்பும் நடத்தியிருக்கிறேன். படித்ததையும் பட்டதையும் கலந்து எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது ரிச்சர்ட்ஸ் டவுன். 1809இல் கண்டோன்மென்ட் ஏற்பட்டபோது சென்னைப் படையைத் தொடர்ந்து வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அல்சூர், சிவாஜி நகர் தொடங்கி நம் பக்கம் காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் வரை இன்றும் இருக்கிறார்கள். அடுத்த அலை தொழிற்சாலைகளுக்காக வந்தது. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியபோது வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். முதல் ஷிஃப்ட்டுக்கு ஃபாக்டரி பஸ் வரும்வரை டிஃபன் கேரியரோடு நம் பார்க் ஓரத்தில் நின்ற வரிசையைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வரிசையில் டிப்ளமோ படித்தவரும் உண்டு, தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவரும் உண்டு. யூனிஃபார்ம் போட்டபின் வித்தியாசம் தெரியாது. ஒரு படிவத்தை நீட்டினால் தெரிந்துவிடும்.

கல்விக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டுமானால் சென்னைப் பெரம்பூரிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே. அந்தச் சங்கம் எங்கிருந்து முளைத்தது என்பதுதான் எனக்குச் சுவையான செய்தி. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் அந்தப் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்திச் சபை ஒன்றை நடத்திவந்தார்கள். ஆலை விட்டு வந்த தொழிலாளர்கள் அங்கே உட்கார்ந்து சொற்பொழிவு கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் ஆலையில் படும் பாட்டைப் பேசுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, வரிசையில் நின்று கை கழுவுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்பது பெரிய குறை. செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த வாடியாவைப் பார்த்தார்கள். சங்கம் பிறந்தது. அதாவது, முதலில் இருந்தது ஒரு சொற்பொழிவுக் கூடம். கேட்கவும் பேசவும் பழகியவர்கள்தாம் பின்னர்ச் சங்கம் ஆனார்கள்.

வாடியா பம்பாய்ப் பார்சி. தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசுவார், அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்வார்கள். திரு.வி.க. அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். பள்ளிக்கூட வாசனை தெரியாத கூட்டத்துக்கு உரிமை, ஒற்றுமை, ஊதியம் என்பவற்றை நல்ல தமிழில் எடுத்துச் சொல்ல அப்படி ஒருவர் தேவைப்பட்டார். வாத்தியார் ஒருவர் தொழிற்சங்க மேடைக்கு வந்தது தற்செயல் அன்று என்பது என் எண்ணம்.

அந்த ஆலை நிர்வாகமும் பள்ளி நடத்தியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆலையில் பாதி நேரம் வேலை செய்த சிறுவர்களுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அங்கே எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல பள்ளி என்றே பெயர் பெற்றது. சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது என்ற பாடம் மட்டும் அங்கே இருந்திருக்க வழியில்லை. அந்தப் பாடத்தை மாலையில் சங்க மேடைதான் எடுத்தது.

இதற்கு ஆலை முதலாளிகள் கொடுத்த பதில் சட்ட வரலாற்றில் இடம் பெற்றது. 1920இல் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார்கள். தொழிலாளர்களுக்கு யோசனை சொல்வதே குற்றம் என்பதுபோல் ஆகிவிட்டது. அந்த அதிர்ச்சியில்தான் என்.எம். ஜோஷி சட்டசபையில் பாதுகாப்புச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவை நான் வகுப்பில் தவறாமல் வாசித்துக் காட்டுவேன். சங்கப் பணத்தை எவற்றுக்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியல் அது. வழக்குச் செலவு, விபத்து உதவி, ஈமச் சடங்கு ஆகியவற்றோடு உறுப்பினருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் கல்வி, சங்கம் நடத்தும் பத்திரிகை ஆகிய இரண்டும் அதில் இருந்தன. "நாம் கட்டும் சந்தாவில் பள்ளிக்கூடமும் அடக்கம்" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், வரியைத் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அகமதாபாத்தில் அனசூயா சாராபாய் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கி, அதிலிருந்தே அந்த ஊர் நூற்பாலைத் தொழிலாளர்களின் தலைவியானார். 1920இல் அவர்கள் அமைத்த மஜூர் மகாஜன் சங்கம் பகல் பள்ளிகளும் இரவுப் பள்ளிகளும் நடத்தியது.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு பாடம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1930இல் சுரங்க நிர்வாகம் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்யத் தொடங்கியபோது அத்தனை பேரும் வேலைக்கு இறங்காமல் நின்றுவிட்டார்கள். அப்போது அங்கே முறையான சங்கம் எதுவும் இல்லை. எதில் ரேகை வைக்கிறோம், எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்க மாட்டோம் என்பதில் இருந்த உறுதியைப் பாருங்கள். எழுதத் தெரியாதவன் ஏமாளி என்று நினைப்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்வேன். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களுடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அந்த ரயில் நம் கிழக்கு ரயில் நிலையத்தின் வழியாகத்தான் போகிறது.

இலங்கையின் மலையகத்தில் கோ. நடேசய்யர் செய்தது இன்னொரு விதம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர் அவர். வெளியார் யாரையும் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் புடவை வியாபாரிபோல் வேடம் போட்டு உள்ளே போய்த் தொழிலாளர் நிலையைப் பார்த்து வந்தார். பத்திரிகைகள் நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அச்சடித்த தாள் எதற்குப் பயன்படும்? அவர் மனைவி மீனாட்சியம்மாள் விஷயத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். கேட்டவர்கள் அதை லயத்துக்குக் கொண்டுபோய்ப் பாடினார்கள். பாட்டு, லயத்துக்கு லயம் தானே பரவும். கங்காணியால் அதைப் பிடுங்கிக் கிழிக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கமே இந்த வேலையில் இறங்கியது. 1958 செப்டம்பரில் மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் அதில் உண்டு. (பின்னாளில் அதற்குத் தத்தோபந்த் தெங்கடியின் பெயர் சூட்டப்பட்டது.) திட்டம் படிக்கட்டுபோல் அமைந்தது. வாரியத்தின் கல்வி அலுவலர்கள் சில தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்கள் 'தொழிலாளி-ஆசிரியர்' என்ற பெயரோடு தங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பிச் சக தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று பெயர் கொடுப்பது சங்கம். எங்கள் சங்கம் 1976இல் என் பெயரைக் கொடுத்தது. நான் நன்றாகப் பேசுவேன் என்பதற்காக அல்ல, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், தமிழும் கன்னடமும் எழுதுவேன் என்பதற்காக.

கேன்டீனுக்குப் பின்னால் பழைய பாத்திரங்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். இருபத்தைந்து பேர். முதல் ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம். அதில் பாதி நிர்வாகத்தின் நேரம், பாதி எங்கள் சொந்த நேரம். அந்த அரை மணியை வாங்கச் சங்கம் நான்கு முறை பேச்சுவார்த்தைக்குப் போனது. முதல் வாரம் வாரியத்தின் பாடத்திட்டப்படி உற்பத்தித் திறன், தேச நிர்மாணம் என்று ஆரம்பித்தேன். எதிரில் இருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள், இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? இரண்டாம் வாரம் சம்பள நாள் வந்தது. "எல்லாரும் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அறை விழித்துக்கொண்டது. அடிப்படைச் சம்பளம் எது, பஞ்சப்படி ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, பி.எஃப். என்று பிடித்த பணம் எங்கே போகிறது, சொசைட்டிக் கடன் எத்தனை தவணை பாக்கி – அன்று இரண்டு மணி நேரம் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதன்பின் சம்பளச் சீட்டே எங்கள் பாடப்புத்தகம். அதில் இருக்கும் இங்கிலீஷ் சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒரு அட்டை தயாரித்தோம். சதவீதக் கணக்கை அதிலேயே கற்றார்கள். எழுத்தே தெரியாத ஆறு பேர் 'ஓவர்டைம்' என்ற சொல்லின் வடிவத்தைத்தான் முதலில் அடையாளம் கண்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஃபிட்டர். மைக்ரோமீட்டர் எடுத்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் யாராவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், நீயே படித்துச் சொல்லப்பா" என்பார். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. அவருக்கு எழுதப் படிக்க வராது என்று ஃபோர்மேனுக்குக் கூடத் தெரியாது. பிரமோஷனுக்கு எழுத்துத் தேர்வு வைத்தபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி விலகிக்கொள்வார். "பதவி ஆசை இல்லாத மனிதர்" என்று பெயர் வேறு. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அறை வாசலில் நின்று, "தம்பி, எனக்குக் கண்ணாடியே கிடையாது" என்றார்.

இதை அவர் மேலதிகாரியிடம் சொல்லியிருப்பாரா? பெர்சனல் டிபார்ட்மெண்ட் ஏற்பாடு செய்த பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பாரா? சொல்ல மாட்டார். தெரியாது என்று ஒப்புக்கொண்டால் அது ஃபைலில் ஏறும், நாளை ஆள் குறைக்கும்போது அது கண்ணில் படும் என்ற பயம் நியாயமானது. நிர்வாகம் நடத்தும் பயிற்சிக்கும் சங்கம் நடத்தும் வகுப்புக்கும் நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். நிர்வாகத்தின் பயிற்சியில் மெஷினைப் பற்றி நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கே நுண்ணிய வேலைகள் அங்கேதான் வந்தன. ஆனால் அங்கே தெரியாததை மறைப்பவன் பிழைப்பான். சங்க வகுப்பில் மறைக்க வேண்டியதில்லை, சொல்லிக்கொடுப்பவனும் நாளைக் காலை அதே ஷிஃப்ட்டில் அதே எண்ணெய்க் கறையோடு நிற்பவன். அண்ணன் எட்டு மாதத்தில் தமிழ் படித்தார். அதைவிட முக்கியம், சங்கம் நிர்வாகத்தோடு பேசி, பிரமோஷன் தேர்வில் கேள்விகளை வாய்மொழியாகத் தமிழிலோ கன்னடத்திலோ கேட்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தது. ஒரு வாத்தியாரால் எழுத்தைச் சொல்லித்தர முடியும். தேர்வின் விதியை மாற்ற முடியாது. அதற்குச் சங்கம்தான் வேண்டும்.

இந்த உண்மையைப் பிரிட்டனில் சட்டமாகவே ஆக்கினார்கள். 1998இல் தொழிற்சங்கங்கள் கல்வி நடத்துவதற்கென்று அரசு ஒரு நிதி ஏற்படுத்தியது. 2002ஆம் ஆண்டுச் சட்டம், சங்கம் தேர்ந்தெடுக்கும் 'கற்றல் பிரதிநிதி' ஒருவர் வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு இந்தப் பணியைச் செய்யலாம் என்றது. அவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. டிப்போவிலோ கிடங்கிலோ கூட வேலை செய்பவர்தான். வெட்கப்பட்டு நிற்கும் ஆளிடம் போய், "வா, நானும் வருகிறேன்" என்று சொல்வதே அவர் வேலை. இங்கிலாந்தில் 2021 மார்ச்சோடு அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றிய 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. எங்களுக்கு ஒரு அரை மணி நேரத்துக்கு நான்கு பேச்சுவார்த்தை வேண்டியிருந்தது என்றால் ஆச்சரியம் என்ன?

கன்னடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1981 மார்ச் வரை 77 நாள் பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. பி.எச்.இ.எல். தொழிலாளர்களுக்குச் சமமான ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. கோரிக்கை முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் அந்த நாட்களில் பேசப்பட்ட கணக்கையும் வாதத்தையும் தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளி எல்லாரும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். மேடையில் பெரும்பாலும் கன்னடம்தான். அதுவரை 'பேக்கு, பேடா' என்பதற்கு மேல் தேறாத நம்மவர்கள் பலர் அங்கேதான் கன்னடத்தில் கேள்வி கேட்கப் பழகினார்கள். பின்னர் எங்கள் வகுப்பில் வாரம் ஒருநாள் கன்னட எழுத்து எழுதினோம். கட்டாயத்துக்காகக் கற்கும் மொழி நாக்கில் ஒட்டாது, காரியத்துக்காகக் கற்பது ஒட்டிக்கொள்ளும். பக்கத்து மெஷின்காரரோடு சேர்ந்து ஒரு மனு எழுத வேண்டும் என்பதைவிட நல்ல காரியம் எது?

நான் ஓய்வு பெற்றபின் அந்த அறை மறுபடியும் பாத்திர அறை ஆகிவிட்டதாகக் கேள்வி. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து காண்ட்ராக்ட் ஆட்கள் பெருகினார்கள். இப்போது விடியற்காலையில் நம் பக்கத்திலிருந்து பஸ் ஏறுபவர்கள் வேறு. கார்மெண்ட் ஃபாக்டரிக்குப் போகும் பெண்கள். பெங்களூரில் லட்சக்கணக்கானவர்கள் செய்யும் வேலை அது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் அவர்களில் சிறு பங்குதான். 2004இல் 'முன்னடெ' என்ற பெண்கள் அமைப்பும், 2006இல் பதிவான கார்மெண்ட் அண்ட் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியனும் அவர்களிடையே வேலை செய்யத் தொடங்கின. ஃபாக்டரி வாசலில் கூட்டம் போட்டால் மறுநாள் வேலைக்கு ஆபத்து. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புப் பகுதிகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாடம் அதேதான், சம்பளச் சீட்டு.

அந்தப் பாடத்தின் மதிப்புக்கு ஓர் உதாரணம். கர்நாடகத்தில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேர்ந்த பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி விலைவாசிக்கு ஏற்ப உயரும். 2020இல் கொரோனாவைக் காட்டி மாநில அரசு அதை ஓராண்டு தள்ளிவைத்தது. கார்மெண்ட் தொழிலாளிக்கு மாதம் சுமார் 417 ரூபாய் இழப்பு. சங்கங்கள் உயர்நீதிமன்றம் போயின, அரசின் உத்தரவு நிற்கவில்லை. அப்படியும் பல நிறுவனங்கள் கொடுக்காமல் இழுத்தடித்து, 2022இல்தான் பெரிய நிறுவனங்கள் பாக்கியோடு கொடுக்க ஆரம்பித்தன. மாதம் 417 ரூபாய் குறைகிறது என்பதே தெரியாதவள் அதை எப்படிக் கேட்பாள்? தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புதிய விதி காதுக்குக் காது பரவியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். மறுநாளே மத்திய அரசு விதியை வாபஸ் வாங்கியது. வெற்றிதான். ஆனால் தடியடியும் வாங்கினார்கள், வழக்குகளும் வந்தன. முன்கூட்டியே விதியைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு ஃபாக்டரியிலும் ஒரு சங்கம் இருந்திருந்தால் இத்தனை ரத்தம் சிந்த வேண்டியிருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற ஆண்டுகளில் லிங்கராஜபுரத்தைச் சேர்ந்த ஒரு தங்கைக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கார்மெண்ட் ஃபாக்டரியில் ஒன்பது ஆண்டு டெய்லர். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டாள். "செட்டில்மெண்ட் முடிந்தது" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பி.எஃப். மனுவும் திரும்பி வந்துவிட்டது. காரணம் நம் தமிழ்ப் பெயர்தான்! ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், பி.எஃப். பதிவில் கணவர் பெயரை நீட்டி எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள். சங்கத்துப் பெண்கள்தாம் அவளை உட்காரவைத்துச் சொன்னார்கள். பெயர்த் திருத்தத்துக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்க வேண்டிய கூட்டு உறுதிமொழிப் படிவம் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அப்போது இன்னொன்றும் வெளிவந்தது. பணிக்கொடை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நம் வீட்டுப் பெண்களும் பையன்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு என்பதால் இங்கே போட்டுக் காட்டுகிறேன். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ. 13,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் ரூ. 500. ஓராண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் ரூ. 7,500. ஒன்பது ஆண்டுக்கு ரூ. 67,500. நிரந்தரத் தொழிலாளி ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் இது உரிமை, இனாம் அன்று. அதே ரூ. 13,000க்கு பி.எஃப். 12 சதவீதம், ரூ. 1,560 சீட்டில் பிடித்திருப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அதில் 8.33 சதவீதம், அதாவது ரூ. 1,083 பென்ஷன் கணக்குக்குப் போகும், மீதிதான் பி.எஃப். கணக்கில் சேரும். "முதலாளி பங்கு குறைவாகக் காட்டுகிறதே" என்று பலர் பதறுவது இதனால்தான். 2014க்குப் பின் கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். எண் ஒன்றே. புதிய கம்பெனியில் புதிய எண் போட்டுவிட்டால் பழைய பணம் தனியே தூங்கும். தங்கைக்குப் பெயர்த் திருத்தம் மூன்று நடையில் முடிந்தது. பணிக்கொடைக்குக் கன்னடத்தில் அவளே எழுதிய மனுவின் நகல் அவளிடம் இருக்கிறது. பணமும் வந்தது, தவணையாக.

இந்தப் பாடத்தை இப்போது மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நான் வரியைத் தொட்டுக் காட்டிய 1926ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் கரைந்துவிட்டது. அலவன்ஸ் என்ற பெயரில் ஒதுக்கிய தொகைகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதியை ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்பது புதிய விதி. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி வேலைக்கு வைக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். நல்லதும் இருக்கிறது, சங்கங்கள் எதிர்ப்பவையும் இருக்கின்றன. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் 'இது எங்களுக்கு இல்லை' என்று நினைக்கிறார்கள். என் பேரனிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னேன். 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற வரி என்ன என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கும் ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது, கேன்டீன் இல்லாமல் எங்கள் வீட்டு ஹாலில்.

கடைசியாக, நாமும் முதலாளிகள்தாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேஸர் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் அம்மாக்களில் நிறையப் பேர் தமிழர்கள். வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்ததில் 2004இல் கர்நாடகம்தான் முன்னால் நின்றது. இருந்தும் அது எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் நகரில் செயல்படுகின்றன, அவர்களுடைய கூட்டங்களிலும் வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம் எழுதி வைப்பது என்பவைதான் பாடம். எங்கள் வீட்டுக்கு வரும் அம்மா அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்து, "ஐயா, ஒரு நோட்டுப் போடுங்க, நீங்களும் எழுதுங்க, நானும் எழுதுறேன்" என்றார். நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மாதா மாதம் தேதி, தொகை, இருவர் கையெழுத்து. முதல் நான்கு மாதம் அவர் கைநாட்டு வைத்தார். ஐந்தாம் மாதத்திலிருந்து 'ச' என்று ஓர் எழுத்து, பிறகு முழுப் பெயர். எங்கள் தெருவில் இப்போது மூன்று வீடுகளில் அந்த நோட்டு இருக்கிறது. பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்ற பக்கத்தில் மட்டும் இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.